பாய்மரத்து நட்சத்திரம்

தேவபிரசாதத்துக்கு நீச்சல் தெரியாது. சொந்த ஊர் நாசரேத்துக்குப் போகிற பஸ்ஸில் ஏரல் பாலம் வருமுன்னே வாந்தி எடுக்கிற உடம்பு. அரை மணி நேரம் வெயிலில் நின்றால் தலைவலி மாத்திரை தேடுவார். அப்பேர்ப்பட்டவர், கிறிஸ்துமஸ் லீவு முழுவதையும் கடலில் கழிக்க வேண்டும், படகிலேயே பொங்கிச் சாப்பிட்டு, படகிலேயே படுத்தெழுந்து, தீவு தீவாகப் போய்வர வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார். கட்டின பெண்டாட்டி என்ன செய்வாள்? ஞானபாய் சண்டை போட்டுப் பார்த்தாள், பேசாமல் இருந்து பார்த்தாள், மூட்டுவலி என்றுகூடச் சொல்லிப் பார்த்தாள். ஒன்றும் எடுபடவில்லை. பள்ளிக்கூடம் அடைத்த மறுநாள் ட்ரங்குப் பெட்டியும் பலகாரத் தகரங்களும் திருத்த வேண்டிய அரைப்பரீட்சைக் கணக்குப் பேப்பர் கட்டுமாகப் படகில் ஏறினாள். ஏறும்போதே ஒரு செருப்பு தண்ணீரில் போயிற்று.

எல்லாவற்றுக்கும் காரணம் ஒரு இங்கிலீஷ் பத்திரிகை. தேவபிரசாதம் தூத்துக்குடி பீச் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸில் ஹெட் கிளார்க். யாரோ ஒரு கப்பல் கேப்டன் மேசைமேல் விட்டுப்போன அந்தப் பத்திரிகையில், ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் குளிர்கால விடுமுறைக்குப் பாய்மரப் படகில் குடியேறி, தென்னை மரத் தீவுகளுக்கு நடுவே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றது. அவன் ஊரில் இடுப்பளவு பனி கொட்டுகிறது, தப்பித்து ஓடி வருகிறான். நமக்கு என்ன வந்தது? தூத்துக்குடியில் மார்கழிக் குளிர் என்றால் ஃபேனை ஒரு புள்ளி குறைத்து வைக்கிற குளிர். ஞானபாய் இதை எடுத்துச் சொன்னாள். அவர் பத்திரிகையைப் பத்திரமாக மடித்துக்கொண்டு, “உனக்கு ரசனை இல்ல ஞானம்” என்றார்.

பத்திரிகையில் இருந்த படகு வெள்ளை வெளேரென்று இருந்தது. இவர் வாங்கியது, உப்பு ஏற்றி ஏற்றி உளுத்து, இனி உதவாது என்று கரையில் இழுத்துப் போட்டிருந்த ஒரு வள்ளம். ஓட்டை அடைத்து, புதுப் பாய் தைத்து, நடுவில் பலகையும் தகரமும் அடித்து ஒரு அறை கட்டினார். அறைக்குள் நிமிர்ந்தால் தலை இடிக்கும், குனிந்தால் பின்னால் இடிக்கும். முன்பக்கம் நீலப் பெயிண்டில் ‘எபெனேசர்’ என்று எழுதினார். நாசரேத்தில் தெருவுக்கு நாலு வீட்டுக்கு அந்தப் பேர் உண்டு. வீட்டுக்குச் சரி. உதவியின் கல் என்று அர்த்தம். ஓடுகிற படகுக்குக் கல் என்று பேர் வைத்த ஒரே ஆள் தன் புருஷனாகத்தான் இருக்கும் என்று ஞானபாய் நினைத்தாள். இத்தனைக்கும் ஞாயிறு பள்ளியில் வேதப் பரீட்சைக்குப் பரிசு வாங்கியவர்.

இதோ, இன்றைக்கு இருபத்துநாலாம் தேதி. இந்நேரம் நாசரேத்தில் வீட்டுக்கு வீடு எண்ணெய்ச் சட்டி கொதித்துக்கொண்டிருக்கும். கோயிலில் பெஞ்சுகளைக் கழுவிவிட்டு, தோரணம் கட்டிக்கொண்டிருப்பார்கள். தையல்காரர் வீட்டு வாசலில் பிள்ளைகள் புதுச் சட்டைக்காகத் தவம் கிடக்கும். ஞானபாயோ தூத்துக்குடிக்கு எதிரே வான் தீவை ஒட்டி நங்கூரம் போட்ட ஒரு தகரக் கூண்டில், ஆடுகிற ஸ்டவ்வை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறு கையால் சோற்றைக் கிண்டிக்கொண்டிருந்தாள். ஆசை ஆசையாய்ச் சுட்டுக்கொண்டு வந்த முறுக்கும் அச்சுமுறுக்கும் கடல் காற்றில் நமத்துப் போயிருந்தன. கஞ்சி போட்ட சேலை உப்பு ஏறித் தொங்கியது. காலைக்கடனுக்குச் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, இடுப்பளவு தண்ணீரில் நடந்து தீவுக்குப் போய், புதர் தேட வேண்டும். தேவபிரசாதம் காவலுக்கு வந்து, முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, ஞானப்பாட்டு முனகுவார். நாற்பத்தேழு வயதில், பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் நடுங்குகிற கணக்கு டீச்சருக்கு இந்தக் கேடு வேண்டியிருக்கிறது.

ஆனால் அவளுக்கு வந்த எரிச்சல் எல்லாம் முறுக்குக்கும் புதருக்கும் வந்தது அல்ல. அவளிடம் ஒரு சேதி இருந்தது. அதைச் சொல்ல முடியாமல் ஒரு மாதத்துக்கு மேலாக முழுங்கி வைத்திருந்தாள்.

கல்யாணமான நாளிலிருந்து அவள் நாசரேத்தில், அவர் தூத்துக்குடியில். சனிக்கிழமை மத்தியானம் ஆபீஸ் முடிந்ததும் பஸ் ஏறி வருவார், திங்கட்கிழமை விடியுமுன் போவார். பதினெட்டு வருஷமாக இப்படித்தான். தூத்துக்குடி மிஷன் பள்ளிக்கூடத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு வந்துவிடு என்று அவர் கேட்காத கிறிஸ்துமஸ் இல்லை. அவளும் ஒவ்வொரு வருஷமும் ஒரு சாக்குச் சொன்னாள். பிள்ளை சின்னப் பிள்ளை என்றாள். பிறகு பிள்ளைக்குப் படிப்புக் கெடும் என்றாள். தூத்துக்குடித் தண்ணீர் உப்பு, பருப்பு வேகாது, தலைமுடி கொட்டிப்போகும் என்றாள். போன ஜூனில் மகள் ஜெபகனி நர்ஸ் படிப்புக்கு வேலூர் போய்விட்டாள், கிறிஸ்துமஸுக்குக்கூட லீவு கிடையாது. சாக்கு தீர்ந்துபோயிற்று. அவர் கேட்டுக் கேட்டு, காது புளித்துப்போய், “சரி, ஜனவரியில வாரேன்” என்று சொல்லித் தொலைத்துவிட்டாள். மனிதர் அன்றைக்குச் சந்தோஷத்தில் ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார்.

நவம்பரில் பள்ளிக்கூடத்துத் தாளாளர் அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். இப்போதிருக்கிற தலைமை ஆசிரியை வருஷக் கடைசியோடு ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு நீங்கள் வரச் சம்மதமா என்று கேட்டார். அவர் கேள்வியை முடிக்குமுன் ஞானபாய் சம்மதம் என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்காரரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றுகூடச் சொல்லவில்லை. வீட்டுக்கு வந்து தனக்கு மட்டும் ஒரு காபி போட்டு, சமையலறைப் படியில் உட்கார்ந்து குடித்தாள். அப்படி ஒரு காபியை அவள் அதற்கு முன் குடித்ததில்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு சனிக்கிழமையும் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். அவர் வாசல்படி ஏறும்போதே படகுக் கதையோடு வந்தார். ஆணி, பலகை, கீல், கயிறு. கேட்டுக் கேட்டு ஞானபாய்க்குத் தலை வலித்தது. சரி, படகில் வைத்துச் சொல்வோம், ஓடிப்போக இடம் இருக்காது என்று முடிவு செய்துதான் கடைசியில் சம்மதித்து ஏறினாள். லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று அந்த நாற்காலியில் உட்கார வேண்டும். அதற்குள் சொல்லியாக வேண்டும். முதல் நாள் சொல்லலாம் என்றால் அவர் படகின் ஓரத்தில் தலையைத் தொங்கப்போட்டு வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார். வாந்தி எடுக்கிறவரிடம் என்னத்தைச் சொல்ல? மறுநாள் பாய்க்கயிற்றில் கால் சிக்கித் தொட்டில் பிள்ளைபோலத் தொங்கினார். படகோட்டி ஜேசுபாதம் வந்து அவிழ்த்துவிட்டான்.

இந்த ஜேசுபாதம் பெரியதாழைக்காரன். உண்மையில் படகு ஓடியது அவனால்தான். தேவபிரசாதம் பக்கத்தில் நின்று “இப்படியா, அப்படியா” என்று கேட்டுக்கொண்டிருப்பார். இருபத்துநாலாம் தேதி மத்தியானம் அந்த ஜேசுபாதம் குளித்து, வெள்ளை வேட்டி கட்டி, தலை சீவிக்கொண்டு நின்றான். பவளக்கல் ஏற்றிக்கொண்டு கரைக்குத் திரும்பிய ஒரு வள்ளம் பக்கத்தில் வந்து நின்றது.

“எங்க போறான் இவன்?” என்றாள் ஞானபாய்.

“ராப்பூசைக்கு, டீச்சரம்மா” என்றான் அவன். “சார்ட்ட அப்பவே சொல்லிட்டேன். எங்கூட்ல எல்லாரும் பாத்துட்டு இருப்பாவ. நாளைக்குச் சாயங்காலம் வந்துருவேன்.”

ஞானபாய் புருஷனைப் பார்த்தாள். அவர் வானத்தைப் பார்த்தார்.

“ஏங்க, படகு ஓட்டுறவனை அனுப்பிட்டு நாம இங்கன என்ன செய்ய?”

“படகு எங்க ஓடுது? நங்கூரம் போட்டாச்சு. தண்ணி இடுப்பளவுதான். அவனுக்கும் கிறிஸ்துமஸ் உண்டுல்லா?”

“நமக்கும் உண்டு.”

“நமக்கு இங்கன.” அவர் கையை அகலமாக விரித்துக் கடலைக் காட்டினார்.

ஜேசுபாதம் தாவி அந்த வள்ளத்தில் ஏறிப் போய்விட்டான். நீச்சல் தெரியாத ரெண்டு பேர், ஓட்டத் தெரியாத ஒரு படகு, சுற்றிலும் தண்ணீர். ஞானபாய்க்கு வந்த ஆத்திரத்தில் ஒரு பிள்ளையின் பேப்பரில் சரியான விடைக்கும் தப்புப் போட்டுவிட்டாள். பிறகு மனசு கேட்காமல் திருத்தி, ரெண்டு மார்க் கூடப் போட்டாள்.

சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் தேவபிரசாதம் அறைக்குள் போய், மடித்து வைத்திருந்த பழைய பாய்த்துணிக்கு அடியிலிருந்து ஒரு பெரிய அட்டைப்பெட்டியை வெளியே இழுத்தார். உள்ளே மூங்கில் குச்சியில் கட்டிச் சிவப்புக் காகிதம் ஒட்டின ஒரு நட்சத்திரம். வண்டிச் சக்கரம் அளவுக்கு இருந்தது.

நாசரேத்துக்காரருக்கு இது ஒரு நோய். கிறிஸ்துமஸ் வந்தால் வீட்டுக்கு ஒரு நட்சத்திரம் கட்ட வேண்டும், அது பக்கத்து வீட்டு நட்சத்திரத்தைவிட ஒரு முழமாவது உசரத்தில் எரிய வேண்டும். அவன் மாடியில் கட்டினால் இவன் மாடிமேல் மூங்கில் நட்டுக் கட்டுவான். தேவபிரசாதம் ஒரு வருஷம் பனையேறி ஒருவரைக் கெஞ்சி, பனை உச்சியில் கட்டி, அது இரவோடு இரவாகத் தீப்பிடித்து, ஒரு பனை மொட்டையாகிப் போனது. அந்த ஆள் இப்போது பாய்மரத்தை அண்ணாந்து பார்த்து நின்றார்.

“ஏளா, இந்த வருஷம் நாசரேத்துல ஒருத்தன் நம்மகிட்ட நிக்க முடியாது” என்றார். “இலங்கைக்காரன் பாப்பான் நம்ம ஸ்டாரை.”

“நாசரேத்துல உள்ளவன் பாக்கணும்லா? இங்கன யாரு பாக்கா, மீனா?”

அவர் காதில் வாங்கவில்லை. அரிக்கேன் லாந்தரை நட்சத்திரத்துக்குள் கட்டி, கொளுத்தி, கயிற்றில் கோத்து இழுத்தார். பாதியில் சிக்கியது. இறக்கினார். மறுபடியும் ஏற்றினார். திரும்பவும் சிக்கியது. ஏறுவதும் இறங்குவதுமாக அந்தச் சிவப்பு வெளிச்சம் அரைமணி நேரம் இருட்டுகிற கடலில் ஆடிக்கொண்டிருந்தது. கடைசியில் உச்சிக்குப் போய் நின்றது. காற்றில் இடமும் வலமுமாக வீசி வீசி ஆடியது. தேவபிரசாதம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, இடுப்பில் கை வைத்து, புது வீடு கட்டி முடித்த மேஸ்திரி மாதிரி அண்ணாந்து நின்றார்.

சும்மா சொல்லக்கூடாது, அழகாகத்தான் இருந்தது. சந்தோஷமாக இருக்கிறார், இதுதான் நேரம் என்று ஞானபாய் நினைத்தாள்.

“ஏங்க, இங்கன உக்காருங்க. ஒரு விஷயம் சொல்லணும்.”

“நானும் ஒண்ணு சொல்லணும்னு வச்சிருக்கேன். ஆனா நாளைக்குக் காலையிலதான். கிறிஸ்துமஸ் பரிசு.”

“நான் சொல்றத முதல்ல கேளுங்க. ஜனவரியில…”

மோட்டார் சத்தம் கேட்டது. சத்தம் கிட்டே வந்தது. திடீரென்று கண்ணைக் குருடாக்குகிற வெளிச்சம் ஒன்று படகின்மேல் விழுந்தது. “அசையாம நில்லுங்க! கையைத் தூக்குங்க! யாரு படகு?” என்று ஒலிபெருக்கி கத்தியது.

எமர்ஜென்சி வந்து ஆறு மாதம் ஆகியிருந்தது. கள்ளக்கடத்தல்காரன் என்று பிடித்தால் ஜாமீன் கிடையாது என்று டீக்கடையில் எல்லாம் பேச்சு. இலங்கையிலிருந்து வருகிற கிராம்புக்கும் நைலான் சேலைக்கும் கைக்கடிகாரத்துக்கும் இந்தத் தீவுகள்தான் கைமாற்றுகிற இடம் என்பது பீச் ரோட்டில் ஆபீஸ் வைத்திருக்கிற எவனுக்கும் தெரியும். தெரிந்தும், ஆளில்லாத் தீவுக்குப் பக்கத்தில், அந்தி நேரத்தில், பாய்மர உச்சியில் சிவப்பு விளக்கை ஏற்றி இறக்கிக் காட்டியிருக்கிறார் ஒரு கப்பல் ஏஜென்ட் ஆபீஸ் ஹெட் கிளார்க். ஞானபாய் தூக்கின கையால் தலையில் அடித்துக்கொண்டாள். “கையை அசைக்காதீங்க!” என்று ஒலிபெருக்கி அதட்டியது.

கஸ்டம்ஸ் லாஞ்ச் படகோடு ஒட்டி நின்றது. இளவயசு இன்ஸ்பெக்டர் ஒருவர் ரெண்டு சிப்பாய்களோடு தாவி ஏறினார். சட்டையில் சிவசுப்பிரமணியன் என்று பேர் குத்தியிருந்தது.

“யாருக்கு சிக்னல் காட்டுதீங்க?”

“சிக்னல் இல்ல சார், ஸ்டார்” என்றார் தேவபிரசாதம். “கிறிஸ்துமஸ் ஸ்டார். எல்லாரும் கட்டுவாங்க.”

“எல்லாரும் வீட்டுல கட்டுவாங்க.”

“இதுதான் சார் வீடு. லீவுக்கு வீடு.”

அந்தப் பதில் அவ்வளவாக எடுபடவில்லை. இன்ஸ்பெக்டர் டார்ச்சை அடித்து ஒவ்வொன்றாகப் பார்த்தார். மேலும் நமத்துவிடாமல் இருக்க, வாய் ஈயம் பற்றவைத்தாற்போல் இறுக மூடின தகரங்கள் இருந்தன. திறக்கச் சொன்னார். உள்ளே முறுக்கு. நம்பாமல் கையை அடிவரைக்கும் விட்டுத் துழாவினார். கை எண்ணெயாகி வந்தது. பழுப்புக் காகிதத்தில் சுற்றி நூல் கட்டின பொட்டலம் இருந்தது. பிரித்தார். பத்தாம் வகுப்பு ஆ பிரிவு, கணக்கு. படகு ஆடாமல் இருக்கப் போட்டிருந்த மணல் மூட்டைகளைச் சிப்பாய்கள் ஒவ்வொன்றாகக் குத்திப் பார்த்து, மணலைப் படகு முழுக்கக் கொட்டினார்கள். ஞானபாய் மூன்று நாளாகக் கூட்டிக் கூட்டி வைத்திருந்த படகு அது.

“ஆள் எங்க, படகு ஓட்டுறவன்?”

“ராப்பூசைக்குப் போயிருக்கான் சார்.”

“அப்போ நீங்க ஓட்டுவீங்க?”

“எனக்கு ஓட்டத் தெரியாது சார்.”

இன்ஸ்பெக்டர் ஒரு சிப்பாயைப் பார்த்தார். ஒருவன் படகில் குடியிருக்கிறான், ஓட்டத் தெரியாது என்கிறான், விளக்கை ஆட்டுகிறான். இதை எந்தக் கஸ்டம்ஸ்காரன் நம்புவான்? ரெண்டு பேரையும் தனித்தனியாக விசாரிக்க வேண்டும் என்றார். தேவபிரசாதத்தை முன்பக்கம் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள், ஞானபாயைப் பின்பக்கம். நடுவில் இருந்தது அந்தத் தகரக் கூண்டு மட்டும்தான். முன்னால் இருமினால் பின்னால் கேட்கும்.

“விலாசம் சொல்லுங்க.”

தேவபிரசாதம் பீச் ரோட்டுக்குப் பின்னால் தான் குடியிருக்கிற ஒற்றை அறையின் விலாசத்தைச் சொன்னார். அதோடு நிறுத்தியிருக்கலாம். பயந்த மனிதன் நிறுத்த மாட்டான்.

“ஆனா ஒண்ணாந்தேதியிலருந்து அங்க இல்ல சார். வீடு மாத்துதேன். மில்லர்புரம் பக்கம் புது வீடு பாத்து அட்வான்ஸ் குடுத்தாச்சு. அவங்களுக்குத் தெரியாது, நாளைக்குக் காலையிலதான் சொல்லலாம்னு இருந்தேன். சாவி என் பெட்டியில இருக்கு, வேணும்னா பாருங்க.”

“அவங்கன்னா யாரு?”

“என் ஒய்ஃப். நாசரேத்துல டீச்சர். ஜனவரியில இங்க மாற்றலாகி வாராங்க. பதினெட்டு வருஷமா தனித்தனியா இருக்கோம் சார். அவங்களுக்கு இந்த ஊர்த் தண்ணி ஒத்துக்காது. நல்ல தண்ணிக் கிணறு உள்ள வீடு வேணும்னு ஒன்றரை வருஷமா அலைஞ்சேன். தூத்துக்குடியில நல்ல தண்ணிக் கிணறு கிடைக்கிறது உங்களுக்கே தெரியும் சார். தெருத்தெருவா போய் வாளி வாங்கி இறைச்சுக் குடிச்சுப் பாத்தேன். போன மாசம்தான் ஒண்ணு கிடைச்சுது. பருப்பு கொண்டு போய் அங்கயே வேக வச்சுப் பாத்தேன். நல்லா வேகுது சார்.”

பின்பக்கத்தில் ஞானபாய் மணலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டாள். இந்த மனிதர் ஊர்க் கிணற்றிலெல்லாம் தண்ணீர் குடித்துக்கொண்டு அலைந்திருக்கிறார். சட்டைப் பையில் பருப்பைப் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். அவளிடம் ஆணியையும் கயிற்றையும் பற்றிப் பேசினாரே தவிர இதைச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அன்றைக்கே அவளும் சொல்லியிருப்பாள். அவர்மேல் அவளுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. தன்மேலும் வந்தது. எது எவ்வளவு என்று பிரிக்க முடியவில்லை.

இன்ஸ்பெக்டர் கூண்டைச் சுற்றிப் பின்பக்கம் வந்தார்.

“உங்க பேர், வேலை, விலாசம் சொல்லுங்கம்மா. ரெண்டு பேரும் சொல்றது ஒத்துப்போச்சுன்னா விட்டுட்டுப் போறோம். இல்லைன்னா கரைக்கு வரணும்.”

ஒரு வார்த்தை போதும். ஜனவரியில் தூத்துக்குடிக்கு வருகிறேன் என்று சொன்னால் லாஞ்ச் திரும்பிப் போய்விடும். நாளைக்குக் கிறிஸ்துமஸ். அவர் சாவியை எடுத்துக் கொடுப்பார். அவள் முகம் மலர்ந்து வாங்க வேண்டும். அப்புறம் லீவு முடிகிறபோது, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, அதே வாயால் மாற்றிச் சொல்ல வேண்டும். முன்பக்கத்தில் தேவபிரசாதம் மூச்சுவிடுகிற சத்தம்கூட நின்றிருந்தது.

“ஞானபாய். நாசரேத்து” என்றாள். “ஜனவரியிலயும் நாசரேத்துதான். பள்ளிக்கூடம் திறக்கிற அன்னைக்கு நான் தலைமை ஆசிரியையா பொறுப்பேத்துக்கணும்.”

இன்ஸ்பெக்டர் எழுதுவதை நிறுத்தினார். “அவரு நீங்க தூத்துக்குடிக்கு வாரீங்கன்னு சொன்னாரே?”

“அவருக்குத் தெரியாது. இன்னும் சொல்லல.”

“எப்பம்மா சொல்றதா இருந்தீங்க?”

“நீங்க வந்தப்ப சொல்லிட்டுத்தான் இருந்தேன்.”

சிப்பாய்களில் ஒருவன் மணலை மெல்லக் காலால் ஒதுக்கினான். இன்ஸ்பெக்டர் நோட்டை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். கல்யாணம் ஆனவர்போல இருக்கிறது. குரல் மாறிவிட்டது.

“கடத்தல்காரங்களா இருந்தா ரெண்டு பேரும் ஒரே கதையைப் பேசி வச்சிருப்பாங்க” என்றார் சிப்பாய்களைப் பார்த்து. “இவங்க புருஷன் பொண்டாட்டிதான், சந்தேகமில்ல. வாங்கலே போவோம்.” பிறகு தேவபிரசாதம் பக்கம் திரும்பி, “சார், அந்த விளக்கை மட்டும் இறக்கிருங்க” என்றார். லாஞ்சில் கால் வைத்தவர் என்ன நினைத்தாரோ, “கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்” என்று மெல்லச் சொன்னார்.

மோட்டார் சத்தம் தேய்ந்து போயிற்று. தேவபிரசாதம் எழுந்து கயிற்றை அவிழ்த்து இழுத்தார். இப்போது ஒரு சிக்கலும் இல்லாமல் நேரே இறங்கி வந்தது. லாந்தரை ஊதி அணைத்தார். நிலா வரவில்லை. ரெண்டு பேருக்கும் மற்றவர் முகம் சரியாகத் தெரியவில்லை, அது நல்லதாகப் போயிற்று.

“எப்ப கேட்டாங்க?” என்றார்.

“நவம்பர்ல.”

“உடனே சரின்னுட்டியா?”

“உடனே.”

“என்கிட்ட சொல்லியிருக்கலாம்லா ஞானம்.”

அவ்வளவுதான், ஞானபாய்க்கு அடக்கி வைத்தது எல்லாம் உடைந்துகொண்டு வந்தது. “எப்பச் சொல்ல? எங்க சொல்ல விட்டீங்க? சனிக்கிழமை வந்தா கயிறு, ஞாயித்துக்கிழமை பலகை, திங்கக்கிழமை பஸ். உனக்கு என்ன வேணும்னு ஒரு நாள் கேட்டிருக்கீங்களா? வா வான்னு கேட்டீங்க. பதினெட்டு வருஷம் வா வான்னு கேட்டீங்க. வர இஷ்டமான்னு கேக்கல.”

“இப்பக் கேக்கேன். இஷ்டமா?”

அவள் ஆத்திரம் தட்டுத் தடுமாறி நின்றது. இப்படி நேராகக் கேட்பார் என்று அவள் நினைக்கவில்லை.

“இல்ல” என்றாள்.

அவர் அணைந்த நட்சத்திரத்தைத் தடவிப் பெட்டிக்குள் வைத்தார். பிறகு, “அந்த அட்வான்ஸ் போனா போகட்டும்” என்றார். பெட்டியை மூடிவிட்டு, “அப்போ நான் வாரேன். நாசரேத்துக்கு வந்துருதேன். தினமும் விடியக்காலம் பஸ்ஸைப் பிடிச்சா ஆபீஸ் நேரத்துக்குப் போயிரலாம். ராத்திரி வந்துருவேன்” என்றார்.

கடல் கடல் என்று ஒற்றைக் காலில் நின்ற மனிதர், ஏரல் பாலத்துக்கு முன்னால் வாந்தி எடுக்கிற மனிதர், தினமும் ரெண்டு தடவை அந்தப் பஸ்ஸில் வருகிறேன் என்கிறார். பதினெட்டு வருஷத்தில் இது அவருக்கும் தோன்றவில்லை, அவளுக்கும் தோன்றவில்லை. ஞானபாய்க்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வந்தது பயம். சமையலறைப் படி, தனக்கு மட்டும் போட்ட காபி, விளக்கை அணைக்கும் நேரத்தை யாரிடமும் கேட்க வேண்டாத திங்கள், செவ்வாய், புதன். அவள் வேலைக்காகவும் தண்ணீருக்காகவும் மகளுக்காகவும் வராமல் இருக்கவில்லை. அப்படித் தனியாக இருப்பது அவளுக்குப் பிடித்திருந்தது. இத்தனை வருஷமும் அதைத்தான் சாக்குச் சொல்லி மறைத்திருக்கிறாள். இருட்டில் அவளுக்குக் கண் கலங்கியது.

“வேண்டாங்க” என்றாள். “தினமும் வேண்டாம். நீங்க சனிக்கிழமையே வாங்க. சனிக்கிழமை காலையிலருந்தே நான் வாசலைப் பாத்துட்டுத்தான் இருப்பேன். அது பொய்யில்ல. ஆனா தினமும்னா…” அதற்கு மேல் அவளால் முடிக்க முடியவில்லை.

அவர் காயப்பட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. பட்டிருப்பார். படாமல் எப்படி இருப்பார்? மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. படகு லேசாக ஆடியது. அவர் எழுந்து, தடவித் தடவி, மணலை மிதித்துக்கொண்டு பின்பக்கம் வந்து, அவளுக்கு ஒரு கை தள்ளி உட்கார்ந்தார்.

“வெள்ளிக்கிழமை ராத்திரி வந்தா?” என்றார்.

“சனிக்கிழமை உங்களுக்கு ஆபீஸ் உண்டே.”

“விடியக்காலம் கிளம்பிப் போயிட்டு, மத்தியானம் திரும்பி வந்துருவேன்.”

“ஒரு ராத்திரி வந்து தூங்கிட்டுப் போறதுக்கு ரெண்டு பஸ்ஸா? ரெண்டு தடவை வாந்தியா? இது என்ன பைத்தியக்காரத்தனம்?”

“உனக்கு இஷ்டமான்னுதான் கேட்டேன்.”

ஞானபாய் யோசித்தாள். இந்த ஆளிடம் இனி ஒரு சாக்கும் சொல்லக் கூடாது என்று நினைத்து, நிஜமாகவே யோசித்துப் பார்த்தாள். வெள்ளிக்கிழமை சாயங்காலத்தை, அந்த வீட்டை, வாசல் கதவு திறக்கிற சத்தத்தை நினைத்துப் பார்த்தாள். அவர் அவசரப்படுத்தவில்லை. அவளுக்குத் தெரிந்து, வாழ்க்கையில் முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தார்.

“வெள்ளிக்கிழமை வாங்க” என்றாள்.